ஒன்பதாம் அத்தியாயத்துக் காவலாளி

என் கணவர் இரத்தினவேல் மாசி மாதம் பதினோராம் திகதி காலை, வேலைக்குப் போவதற்காகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது இறந்தார். ஒரு காலில் மட்டும்தான் சப்பாத்து இருந்தது. கனடாவில், டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டின் வாசல் கதவோடு ஒரு சின்ன வாங்கு போட்டிருக்கிறோம். அதில் சுவரோடு சாய்ந்தபடி இருந்தார். இன்னும் போகவில்லையா என்று குசினியிலிருந்து கேட்டேன். பதில் வரவில்லை. தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இன்னொரு முறை கேட்டேன். அவருக்கு அப்போது அறுபது வயது முடியவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்து சாப்பிட வருகிறவர்களுக்கு, இறந்தவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்போம். கல்வெட்டு என்று பெயர். முன் அட்டையில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி. நடுவில் பக்கங்களை நிரப்பப் பதிகங்கள் போடுவார்கள். எங்கள் மகள் பிரதீபா, பதிகம் வேண்டாம், அப்பா எழுதியதைப் போடுவோம் என்று பிடிவாதமாக நின்றாள். அவர் வேறு என்னத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று கேட்டாள்.

அவர் விட்டுவிட்டுப் போனது ஒன்பது கொப்பிகள். கொப்பிக்கு ஒரு அத்தியாயம். முதல் கொப்பியின் மட்டையில் நீல மையில் எழுதியிருந்தார்: சீனத்தின் போர்ப் பிரபுக்கள், 1916 முதல் 1928 வரை.

பன்னிரண்டு வருடங்களாக அவர் படித்ததும் எழுதியதும் இதைத்தான். ஒரு கொண்டோ கட்டடத்தில் செக்கியூரிட்டி வேலை. பகல் ஷிப்டில் மேசைக்குக் கீழே நூலகப் புத்தகத்தை விரித்து வைத்துப் படிப்பார். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது எனக்குச் சொல்லுவார். ஜனாதிபதி யுவான் ஷிகாய் செத்துப்போனார், அதோடு நாடு துண்டு துண்டாய்ப் போயிற்று, மாகாணத்துக்கு ஒரு தளபதி, அவனவனுக்கு ஒரு படை, ஒரு ரயில்பாதை, ஒரு வரி. இதுவரைக்கும் எனக்கு விளங்கும். அதற்குப் பிறகு விளங்காது. ஜாங் என்ற பெயரில் மாத்திரம் மூன்று பேர். ஒருவர் மஞ்சூரியாவை ஆண்டு, ரயிலில் போகும்போது குண்டு வைத்துக் கொல்லப்பட்டவர். மற்றவர் தன்னிடம் எத்தனை சிப்பாய்கள், எவ்வளவு காசு, எத்தனை மனைவிமார் என்று தனக்கே தெரியாது என்று பெயரெடுத்தவர். மூன்றாமவர் சின்னப் பையனாயிருந்த பழைய சக்கரவர்த்தியைத் திரும்பவும் சிம்மாசனத்தில் ஏற்றிப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தவர். என் கணவர் "ஜாங் தோத்துப்போனான்" என்பார். எந்த ஜாங் என்று நான் கேட்பேன். "ஃபெங் கட்சி மாறிப்போட்டான்" என்பார், நாலாம் மாடியில் இருக்கிற ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல. ஃபெங் என்பவர் கிறிஸ்தவத் தளபதி. தன் படைக்குத் தண்ணீர்க் குழாயால் ஞானஸ்நானம் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. அது வெறும் கதையாகத்தான் இருக்கவேண்டும் என்று ஐந்தாம் அத்தியாயத்தில் கவனமாகக் குறித்திருக்கிறார்.

உங்களுக்கு ஏன் இந்தச் சீனாக்காரர் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். கன தளபதிமார் ஒரே நேரத்தில் இருந்த இடம் அது, என்ன நடந்தது என்று அவர்கள் வடிவாக எழுதி வைத்திருக்கிறார்கள், எங்கட ஆக்கள் ஒன்றும் எழுதவில்லை என்றார். சரித்திரத்தில் ஆசை என்று எடுத்துக்கொண்டேன்.

என் அண்ணனைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். பெயர் கேதீஸ்வரன். 1986இல் அவனுக்கு இருபத்திரண்டு வயது. அந்த நாட்களில் எங்கள் ஊரிலும் இப்படித்தான். இந்தச் சந்தியில் ஒரு ஆயுத இயக்கத்தின் காவல், அடுத்த சந்தியில் இன்னொரு இயக்கம். அண்ணன் எதிலும் இல்லை. எல்லாக் கூட்டங்களுக்கும் போவான், எல்லாரிடமும் கேள்வி கேட்பான். ஒருநாள் ரியூட்டரிக்குப் படிப்பிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. அம்மா ஒவ்வொரு இயக்கத்தின் வாசலிலும் போய் நின்றார். எல்லாரும் தாங்கள் இல்லை என்றார்கள். பதினாலாம் நாள், ஒரு பொடியன் எங்கள் படலையில் சைக்கிளை நிறுத்தி, அண்ணனின் கைமணிக்கூட்டை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நான் வகுப்பால் திரும்பி வந்தபோது அம்மா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தார்.

மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது.

அது கையால் முறுக்கி விடுகிற மணிக்கூடு. ஒருமுறை முறுக்கினால் ஒன்றரை நாள் ஓடும். அடுத்த நாள் காலை நின்றுவிட்டது. அம்மா திரும்ப முறுக்க விடவில்லை. அண்ணனைப் பற்றியும் மணிக்கூடு வந்ததைப் பற்றியும் கலியாணத்துக்குப் பிறகு என் கணவருக்குச் சொல்லியிருக்கிறேன். அது ஓடிக்கொண்டிருந்தது என்பதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அதைச் சொன்னால், யாரோ ஒருவர் முந்தின நாள் அதை முறுக்கியிருக்கவேண்டும் என்ற பேச்சு வரும். அது அண்ணனின் கையா வேறு யாருடைய கையா என்று வரும். அந்தப் பேச்சை நான் வரவிடவில்லை.

கல்வெட்டுக்கு எழுத்துப்பிழை பார்த்தது நான்தான். ஸ்காபரோவில் வருகிற ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்குப் பல வருடங்கள் அந்த வேலை செய்திருக்கிறேன். அச்சகத்தில் வேலை செய்யும் ஜெனோசன் கொப்பிகளைப் பார்த்து ரைப் செய்து அனுப்பினான். மூன்று நாளில் திருத்திக் கொடுக்கவேண்டும். எட்டு அத்தியாயங்களில் சந்திப்பிழைகள்தான். ஒன்பதாம் அத்தியாயத்தை மூன்றாம் நாள் காலை, ஜெனோசன் போனில் காத்துக்கொண்டிருக்கப் பார்த்தேன். அதில் இரண்டு பக்கங்களில் சீனாவுக்குப் பொருந்தாத சொற்கள் வந்தன. வடலிக் காணி என்று இருந்தது. சீனாவில் ஏது பனை? மரத்தோப்பு என்று மாற்றினேன். கிடுகு வேலியை மதில் ஆக்கினேன். ஒழுங்கையைச் சிறு தெரு ஆக்கினேன். கள்ளுக்கொட்டில் ஒன்று வந்தது, அதை அப்படியே வெட்டிவிட்டேன். பாவம், சீனாவைக் கண்ணால் காணாத மனிதர், தெரிந்ததை வைத்து எழுதியிருக்கிறார், வாசிக்கிறவர்கள் சிரிக்கக்கூடாது என்று நினைத்தேன். கணவருக்குச் செய்த ஒரு உதவி என்றுகூட நினைத்தேன். எழுத்தைப் பார்த்தேனே தவிர, எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை.

இருநூறு பிரதிகள் பெட்டிகளில் வந்து இறங்கின. ஒன்றைக் கையில் எடுத்து, நாற்காலியில் இருந்து, ஒன்பதாம் அத்தியாயத்தை அப்போதுதான் வாசித்தேன்.

அந்த அத்தியாயம் சுன் சுவான்ஃபாங் என்ற தளபதியைப் பற்றியது. ஐந்து மாகாணங்களைக் கையில் வைத்திருந்தவர். 1925இல் எதிர்ப்படையின் தளபதி ஒருவரைச் சிறைபிடித்துத் தலையை வெட்டி, அந்தத் தலையை ரயில் நிலையத்தில் காட்சிக்கு வைத்தார். வெட்டப்பட்டவரின் மகள் ஷி ஜியான்சியாவ். அவள் பத்து வருடம் காத்திருந்தாள். அதற்குள் சுன் படையும் அதிகாரமும் போய், தியன்ஜின் நகரத்தில் பக்தராகிவிட்டார். ஒருநாள் பிரார்த்தனை மண்டபத்தில் கண்ணை மூடி இருந்தவரைப் பின்னால் நின்று மூன்று முறை சுட்டாள். சுட்டுவிட்டு ஓடவில்லை. ஏன் செய்தேன் என்று அச்சடித்து வைத்திருந்த துண்டுப்பிரசுரங்களை அங்கே இருந்தவர்களுக்குக் கொடுத்தாள். பிறகு அரசாங்கம் அவளை மன்னித்தது. இதெல்லாம் நடந்த சரித்திரம். பிரதீபா ஆங்கிலப் புத்தகத்தில் காட்டினாள்.

ஆனால் தலை வெட்டப்படுவதற்கு முந்தின நாளைப் பற்றி என் கணவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அதில் இப்படி இருந்தது: "கைதி தன் மணிக்கூட்டைக் கழற்றி, முழுக்க முறுக்கி, வாசலில் நின்ற இளம் காவலாளியிடம் நீட்டினார். இது நிற்கிறதுக்கு முன்னம் வீட்டில் கொடுத்துவிடு என்றார். காவலாளி மரத்தோப்புக்குள்ளால் நடந்து, மதிலோரமாகச் சிறு தெருவில் ஏறி, அதைக் காதில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் போனான்."

திரும்பத் திரும்ப வாசித்தேன். பிரதீபாவைக் கூப்பிட்டு, அந்த மணிக்கூடு ஆங்கிலப் புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னேன். மூன்று புத்தகங்களிலும் தேடினாள், போனிலும் தேடினாள். தலை இருந்தது, ரயில் நிலையம் இருந்தது. மணிக்கூடு இல்லை, காவலாளியும் இல்லை. அப்பா சும்மா இமாஜின் பண்ணியிருப்பார் என்றாள்.

இருக்கலாம். மணிக்கூட்டுக் கதையை நான் சொல்லியிருக்கிறேன், அது ஓடியதைச் சொல்லாவிட்டாலும். அந்தக் காலத்து மணிக்கூடுகள் எல்லாம் முறுக்குகிறவைதான். கேட்ட கதையில் ஒரு மணிக்கூடு இருந்தால் அதை யாரும் முறுக்கிப் பார்ப்பார்கள். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒன்பதாம் கொப்பியை எடுத்தேன். வடலிக் காணி. கிடுகு வேலி. ஒழுங்கை. கள்ளுக்கொட்டிலைத் தாண்டி இடது பக்கம். மற்ற எட்டுக் கொப்பிகளையும் புரட்டினேன். கோதுமை வயல், நிலக்கரி, பனி, ஒட்டகம் என்று எல்லாம் அந்த நாட்டுக்குச் சரியாகவே எழுதியிருந்தார். ஒன்பது கொப்பிகளிலும் அந்த இரண்டு பக்கங்களில் மட்டும்தான் பனை நின்றது. அதை நான் என் கையால் வெட்டி, இருநூறு பிரதி அடித்து வைத்திருக்கிறேன்.

முப்பத்துநாலு வருடம் என்னோடு இருந்த மனிதர் அந்த வாசலில் நின்றவரா? எனக்கு அது தெரியவேண்டும். வேறு எதுவும் வேண்டாம். கலியாணத்தைக் கேட்டு வந்தது அவர்கள் பக்கம்தான். கனடாவில் இருக்கிற மாப்பிள்ளை, சீதனம் வேண்டாம் என்று தானாகக் கேட்கிறாராம் என்று தரகர் வந்தார். அம்மா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளைபோலக் கிடக்கு என்றார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா அந்தப் படத்தில் என்ன பார்த்தார் என்று இனி யாரிடம் கேட்பது? அவர் போய் இருபது வருடத்துக்கு மேல்.

முப்பத்தோராம் நாள் வியாழக்கிழமை வந்தது. ஆட்கள் வரவேண்டும் என்று மண்டபச் சடங்கை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினோம். பதிகம் படிக்க வந்தவர் குணநாயகம். எங்கள் கோயில் சபையின் தலைவர். நெற்றி நிறைய விபூதி, நல்ல குரல். ஒரு காலத்தில் ஒரு இயக்கத்தில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் என்று சனம் மெல்லிய குரலில் சொல்லும். எந்த இயக்கம் என்று நான் இங்கே எழுதவில்லை. அவருக்கும் என் கணவருக்கும் பேச்சு, கோயிலில் கண்டால் சுகமோ என்பதோடு சரி.

அவர் முன் வரிசையில் கண்ணை மூடிப் படித்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று வரிசை வரிசையாகக் கல்வெட்டைக் கொடுத்துக்கொண்டு வந்தேன். அவருக்குத் தோளுக்கு மேலால் நீட்டினேன். படித்து முடித்ததும் அதைப் பின்பக்கமிருந்து புரட்டினார். இலை போடும்போது ஆளைக் காணவில்லை. இப்படிப்பட்ட சடங்கில் சாப்பிடாமல் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. பலரும் கவனித்தார்கள்.

அதற்குப் பிறகு போன் வரத் தொடங்கியது. றொய்சன் என்று ஒருவர், என் கணவரோடு முதலில் ஃபக்டரியில் வேலை செய்தவர், எடுத்தார். தன்னிடம் எத்தனை சிப்பாய்கள் என்று தெரியாத அந்த ஜாங், தங்களுடைய இயக்கத் தலைவர்தானே என்று கேட்டார். அது அநியாயம், அவருக்கு எங்கள் எல்லாருடைய பெயரும் தெரியும் என்று கோபப்பட்டார். அவர் சீனாக்காரர், 1932இல் செத்துப்போனவர் என்றேன்.

"விளங்குது அக்கா," என்றார் றொய்சன். "உப்பிடித்தான் எழுதவேணும்."

கட்சி மாறிய ஃபெங் யார் என்று மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். பன்னிரண்டு நாள் சக்கரவர்த்தி யார் என்று ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார். அந்தப் புத்தகத்தில் சீனாக்காரர் இருக்கிறார்கள் என்பதை ஒருவரும் நம்பவில்லை. ஒருவேளை அவர்கள்தான் சரியோ, எட்டு அத்தியாயங்களும் அப்படித்தானோ என்று எனக்கும் குழம்பியது. மஞ்சூரியாவும் எங்கள் ஊரும் ஒரே வரைபடத்தில் கிடப்பதுபோலத் தலைக்குள் கலங்கியது. ஆனால் காவலாளி யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் குணநாயகம் தனியாக வந்தார். ஒரு பையில் தோடம்பழம் கொண்டுவந்திருந்தார். சோபாவில் இருக்கச் சொன்னேன். அவர் சாப்பாட்டு மேசைக் கதிரையை இழுத்துச் சுவரோடு போட்டு இருந்தார். கோட்டுக்குள் இருந்து கல்வெட்டை எடுத்தார்.

"தங்கச்சி, உந்தக் கடைசி அத்தியாயம் ஆர் எழுதினது?"

"அவர்தான். நான் பிழை திருத்தினனான்."

"அப்ப வாசிச்சிருக்கிறியள்."

ஓம் என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை தான் கண்ணை மூடி இருக்கிறபோது பின்னால் இருந்து ஒரு கை புத்தகத்தை நீட்டியதாம். திறந்தால், பக்தராகிப்போன ஒரு தளபதியை, கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பின்னால் நின்று ஒரு பெண் சுடுகிறாள். சுட்டுவிட்டுச் சுற்றி இருந்தவர்களுக்கு அச்சடித்த தாள் கொடுக்கிறாள்.

"நானும் கும்பிட்டுக்கொண்டிருந்தனான். நீங்களும் பின்னால நிண்டு குடுத்துக்கொண்டிருந்தனீங்கள்," என்றார். "இப்ப கோயில்ல சுவரோட முதுகைச் சாச்சுக்கொண்டுதான் இருக்கிறன். ஐயர் நாரிப்பிடிப்போ, இடுப்பு நோவோ எண்டு கேக்கிறார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் போனபிறகு அதுதான் முதல் தடவை. "குணநாயகம் அண்ணை, எனக்கு ஊசியில நூல் கோக்கவே கை நடுங்குது," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அது சீனாவில் உண்மையாக நடந்தது, நீங்கள் பயப்படாமல் போய்விட்டு வாருங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் அறிந்துதான் அச்சடித்தேன் என்று இந்த மனிதர் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டேன்.

"அந்தக் காவலாளி ஆர்?" என்று கேட்டேன்.

"என்ன தெரியாத மாதிரிக் கேக்கிறியள். வேல்தான்."

தேத்தண்ணி போடப் போகிறேன் என்று எழும்பிப் போனேன். கேத்தலில் தண்ணீர் விடாமல் அடுப்பில் வைத்திருக்கிறேன் என்பது கருகல் மணம் வந்த பிறகுதான் தெரிந்தது. அவர் என் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கொழும்புக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த ஒரு வீடு, சுற்றிவர வடலி. அங்கே கொண்டுவந்து வைத்திருந்தவர்களை என்ன செய்வது என்பது மேலே இருந்துதான் வரும் என்றார். மேலே இருந்து என்பதை நாலு தடவை சொன்னார். இரத்தினவேல் அந்த வாசலில் நாலு மாதம் காவல் நின்றானாம். உள்ளே இருந்தவர்கள் கடைசியாகக் கொடுக்கிற சாமான்களைச் சைக்கிளில் கொண்டுபோய் வீடுகளில் கொடுத்துவிட்டு வருவானாம். தனக்குத் தெரிந்தும் பேசாமல் விட்டதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது, புள்ளி போடச் சொல்லி ஆசிரியரிடம் கொப்பியை நீட்டுகிற பிள்ளையின் முகம் அவருக்கு வந்தது. ஒருநாள் இரத்தினவேல் காவலுக்கு வரவில்லை. கொழும்புக்கு ஓடிவிட்டதாகப் பிறகு அறிந்தார்கள்.

"உதில எழுதியிருக்கிற பொடியனை நான் அடிக்கேல்லை, தங்கச்சி. அது உங்களுக்குத் தெரியவேணும். உயரமான பொடியன், கண்ணாடி. கடைசியா ஒரு தேத்தண்ணி கேட்டவன், குடுத்தனாங்கள். பிறகு பொக்கற்றுக்குள்ள இருந்து பேனையை எடுத்து வேலிட்டைக் குடுத்தவன்."

"பேனையோ?"

"பேனைதான். வேல் அதை மணிக்கூடு எண்டு மாத்தி எழுதியிருக்கிறான்."

"என்ர அண்ணை உயரமில்லை," என்றேன். "கண்ணாடியும் போடுறேல்லை."

அவர் புத்தகத்தை மடியில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப... உங்கட அண்ணை ஆர்?"

பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். ஆண்டு, மாதம், படிப்பித்த ரியூட்டரி, சைக்கிளின் நிறம். சுவரில் இருந்த படத்தைக் கழற்றிக் கொடுத்தேன். ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். உண்மையாகவே முயன்றார், அதை நான் சொல்லத்தான் வேண்டும். இருக்கலாம் என்றார். பிறகு, தெரியாது என்றார். திக்கித் திக்கிப் பேசுகிறவரோ என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த வீட்டில் வைத்திருந்தது பதினொரு பேரோ பன்னிரண்டு பேரோ என்றார். தான் அங்கே இல்லாத நாட்களும் உண்டு, வேறு இயக்கங்களிடமும் இப்படி வீடுகள் இருந்தன என்றார். முப்பத்தொன்பது வருடமாக, எங்கள் வீட்டில் நாங்கள் மறக்காததைப் போல, அதைச் செய்தவர்களும் எங்கேயோ மறக்காமல் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குணநாயகமோ அண்ணனின் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யார் என்று தெரியாமல் நின்றார்.

வேல் எத்தனை வீடுகளுக்குப் போனார் என்று கேட்டேன். நாலோ ஐந்தோ என்றார். எந்தெந்த வீடு என்று தெரியாது. உயரமான பொடியனின் வீடு மட்டும் தெரியும். அவனுடைய தங்கச்சி இங்கேதான், வெக்ஸ்போர்ட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வந்து மாலை கட்டுகிறவர். "அவவுக்கு என்னை ஆரெண்டு தெரியாது. சொல்லிப்போடாதேங்கோ," என்றார். ஆனால் பெயரைக் கேட்டதும் சொன்னார். ரோகிணி.

அன்று பின்னேரம் வேலையால் வந்த பிரதீபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோட்டைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அப்பாதான் அந்த கார்டா?"

"ஓம்."

"மாமாவுக்கும் அவர்தானா?"

"தெரியாது."

"ஹவ் கேன் யூ நொட் நோ, அம்மா?" என்றாள். அழுதாள். பிறகு அவளுடைய கோபம் என் பக்கம் திரும்பியது. அப்பா பனையை எழுதி வைத்திருக்கிறார், நீங்கள் ஏன் மாற்றினீர்கள், அவர் சொல்ல நினைத்ததே அதுதானே என்று கேட்டாள். பிழை என்று நினைத்தேன் என்றேன்.

மணிக்கூட்டைக் கொண்டுவந்தது அவர் என்றால், அண்ணன் கடைசியாகப் பார்த்த முகம் அவருடையது. அந்தக் கதவின் வெளிப்பக்கம் நின்றுவிட்டு, அண்ணனின் வீட்டிலேயே பெண் கேட்டிருக்கிறார். அவர் இல்லை என்றால், அவர் அண்ணனைக் கண்டதே இல்லை. என் கதையை எடுத்து வேறு யாருக்கோ போட்டு எழுதியிருக்கிறார். இரண்டில் எது எனக்கு வேண்டும் என்று யோசித்தேன். காலையில் ஒன்று வேண்டியிருந்தது, மத்தியானம் மற்றது.

சனிக்கிழமை போன் பண்ணிக் கேட்டுவிட்டு ரோகிணி வீட்டுக்குப் போனேன். இரத்தினவேல் 1988இல் பாஸ்போட்டுக்காகக் கொழும்பில் எடுத்த சின்னப் படத்தைக் கொண்டுபோனேன். இளவயதுப் படம் அவருக்கு அது ஒன்றுதான். ரோகிணிக்கு என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். டேகெயாரில் வேலை. மேசையில் பிள்ளைகளுக்கு வெட்டி வைத்த கடதாசிப் பூக்கள் கிடந்தன. அவற்றை ஒதுக்கி எனக்கு இடம் செய்தார். நான் முழுவதையும் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டபோது குணநாயகத்தின் பெயரையும் சொன்னேன். மறைக்க எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"எனக்கு முழங்கால் ஏலாதெண்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதிரை கொண்டுவந்து போடுறவர்," என்றார்.

எழும்பி உள்ளே போனார். கனநேரம் வரவில்லை. போய்விடலாமோ என்று நினைத்தேன். பிறகு ஒரு துணிப்பொட்டலத்தோடு வந்தார். பச்சை நிறப் பேனை, மூடியில் ஒரு கீறல். அது வந்தது மத்தியான நேரம், தான்தான் படலைக்குப் போனதாகச் சொன்னார். அப்போது அவருக்குப் பதினேழு வயது.

நான் படத்தை மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படத்தைக் கீழே வைத்தார். திரும்பவும் எடுத்தார்.

"நான் பேனையைத்தான் பாத்தனான், அக்கா," என்றார். "ஆளைப் பாக்கேல்லை."

ஒரு சைக்கிள் நின்றது. ஒரு கை நீண்டது. உங்கட வீடோ என்று ஒரு குரல். அவ்வளவுதான் என்றார். குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். பயந்த குரல் என்றார். கொஞ்சம் பொறுத்து, அல்லது தான் பயந்திருந்தபடியால் அப்படிக் கேட்டதோ தெரியாது என்றார். பேனையைத் திரும்பத் துணியில் சுற்றினார். அவர் தன் அண்ணனின் பெயரைச் சொன்னார். நான் என் அண்ணனின் பெயரைச் சொன்னேன்.

நான் எழும்பும்போது, படத்தை ஒரு கிழமைக்கு வைத்திருக்கலாமா என்று கேட்டார். பார்த்துப் பார்த்து இருந்தால் ஞாபகம் வரக்கூடும், வந்தால் உடனே போன் எடுப்பதாகச் சொன்னார். இருக்கிற ஒரே படம் என்று சொல்ல நினைத்தேன். கொடுத்துவிட்டு வந்தேன்.

படத்தைக் கொடுத்து இன்றைக்குப் பதினேழு நாள். இரண்டு வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. ரோகிணி கோயிலுக்குப் போனாரா, கதிரையில் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் போகவில்லை. பிரதீபா ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும், அவ போன் எடுத்தவவோ என்று கேட்கிறாள். இல்லை என்கிறேன். நீங்கள் எடுத்துக் கேளுங்கோவன் என்கிறாள். நாளைக்கு எடுக்கிறேன் என்று நேற்றும் சொன்னேன்.